கிராம தேவதையின் காடு

1910-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 21-ந் தேதி. ஜப்பானில் வக்காயாமா மாகாணத்தின் கடற்கரையில் உள்ள தனாபே என்ற பட்டணம். அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்துவந்த கோடைக்காலக் கல்வி வகுப்பு அன்று முடிவடைகிறது. மாகாண சர்க்காரின் உத்தியோகஸ்தர் ஒருவர் அதற்கு வந்திருக்கிறார். அவரை நேரில் கண்டு சில கேள்விகள் கேட்க வேண்டும் என்று வாசலில் ஒருவர் நிற்கிறார். வயது 43. பீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதும் உண்மைதான். உள்ளே விட மறுக்கிறார்கள். அவருக்குக் கோபம் மூண்டுவிடுகிறது. கையிலிருந்த பையைச் சபைக்குள்ளே வீசி எறிகிறார். அந்தப் பையில் இருந்தவை, அவர் காட்டிலே அலைந்து சேகரித்த ஆராய்ச்சிப் பொருள்கள்.

இதன் பயனாக அவர் கைதாகிப் பதினெட்டு நாள் காவலில் இருக்க நேர்ந்தது.

செய்த காரியம் மெச்சத்தக்கது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் கேட்க வந்த கேள்வி சாமான்யமானதன்று. ஊர்க் கோயில்களை ஏன் மூட வேண்டும், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் பழங்காடுகளை ஏன் வெட்ட வேண்டும் என்பதே அது.

அவர் பெயர் மினகத்தா குமகுசு. ஜப்பானியர் வழக்கப்படி மினகத்தா என்பது குடும்பப் பெயர். குமகுசு என்பது அவருக்கு இட்ட பெயர்.

ஷிண்டோ மதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், செந்நிறத் தோரண வாயிலையும், பாசி படர்ந்த படிகளையும், வானளாவிய மரங்களையும் வர்ணித்துவிட்டு, ஜப்பானியர் இயற்கையையே தெய்வமாகப் போற்றும் மக்கள் என்று சொல்லி முடித்து விடுவது வழக்கம். அது பாதி உண்மை. மற்றப் பாதியை அறிய வேண்டுமானால் குமகுசுவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

காமி என்பது யார்?

ஷிண்டோ என்ற சொல்லுக்குத் தெய்வங்களின் மார்க்கம் என்று பொருள். இந்த மதத்தை ஸ்தாபித்த ஆசாரியர் என்று ஒருவர் இல்லை. யாவரும் பிரமாணமாகக் கொள்ளும் வேதம் என்றும் ஒன்று இல்லை. தெய்வத்தைக் காமி என்று சொல்லுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மோதோரி நோரிநாகா (1730–1801) என்ற பேரறிஞர் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கூறப் புகுந்தார். மனிதராயினும் சரி, பறவை, மிருகம், மரம், செடி, கடல், மலை எதுவாயினும் சரி, சாதாரணத்துக்கு மேற்பட்ட ஒரு தன்மையினால் நம்மைப் பிரமிக்கச் செய்வதெல்லாம் காமியே என்பது அவர் கருத்து. அது நன்மையே செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை, அஞ்சத்தக்கதும் காமிதான்.

நாரா மாகாணத்தில் மிவா என்று ஒரு மலை. உயரம் 467 மீட்டர். அதன் அடிவாரத்தில் உள்ள ஓமிவா கோயிலில் மூலஸ்தானம் என்று ஒரு கட்டடம் கிடையாது. பக்தர்கள் மண்டபத்தில் நின்று மலையையே வணங்குகிறார்கள். குமானோ மலைநாட்டில் உள்ள நாச்சி அருவி 133 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அங்கே அருவிக்குக் கோயில் கட்டவில்லை, அருவியே சுவாமி. வேறிடங்களில் ஒரு முதிய மரத்தையோ பெரும் பாறையையோ சுற்றி வைக்கோற் புரியைக் கட்டி, அதில் வெள்ளைக் காகிதத் துண்டுகளை மடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் புரியைக் கண்டதும் ஜப்பானியக் குழந்தைக்கும் தெரியும், அங்கே விளையாடக் கூடாது என்று.

ஆதியில் கோயில் என்ற கட்டடமே இல்லாமல் இத்தகைய இடங்களில்தான் வழிபாடு நடந்தது. கட்டடம் பிற்காலத்தில் வந்தது. வந்த பிறகும் காடு போகவில்லை. ஊரைக் காக்கும் தெய்வத்தின் கோயிலைச் சுற்றிக் கோடரி படாத ஒரு தோப்பு நிற்கும். அதற்குச் சின்ஜு நோ மோரி, அதாவது காவல் தெய்வத்தின் காடு, என்று பெயர். பிறந்த குழந்தையை ஏறக்குறைய ஒரு மாதத்தில் எடுத்துச் சென்று காட்டுவது அந்தத் தெய்வத்திடந்தான். நாற்று நடும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் ஊரார் கூடுவது அந்தத் தோப்பில்தான். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் கட்டட மரத்துக்காக ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நட்டுவிட்ட பிறகும், அந்தச் சிறு தோப்பில் மட்டும் ஆதிக் காட்டின் மரங்களும் செடிகொடிகளும் பிழைத்திருந்தன.

ஒரு கிராமத்துக்கு ஒரே கோயில்

இந்தக் காடுகளுக்கு அபாயம் வந்தது அந்நியரால் அன்று. ஜப்பானிய சர்க்காரினாலேயே வந்தது.

1868-இல் மெய்ஜி சக்கரவர்த்தியின் ஆட்சி ஏற்பட்டது முதல், ஷிண்டோவை ராஜ்யத்துக்கு அஸ்திவாரமாக்க வேண்டும் என்று ஆளுவோர் எண்ணினர். அதுவரையில் ஒரே வளைவுக்குள் கலந்திருந்த புத்த விக்கிரகங்களையும் ஷிண்டோ தெய்வங்களையும் பிரித்தார்கள். கோயில்களுக்கு உயர்வு தாழ்வு வகுத்தார்கள். 1905-இல் ரஷியாவை ஜப்பான் வென்றது. ஆசியத் தேசம் ஒன்று ஐரோப்பிய வல்லரசை முறியடித்தது என்று கேட்டு நமது நாட்டிலும் எத்தனையோ பேர் உள்ளம் பூரித்த காலம் அது. ஆனால் அந்த யுத்தம் ஜப்பானியக் குடியானவன் தலையில் பெரும் பாரத்தை ஏற்றி வைத்திருந்தது. கிராமங்களைச் சீர்படுத்த வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும், தேசபக்தியை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு எங்கும் எழுந்தது.

அந்தச் சூழ்நிலையில், 1906 முதல், உள்நாட்டு இலாகா கோயில்களை ஒன்று சேர்க்கும் திட்டத்தைத் தீவிரமாக நடத்தத் தொடங்கிற்று. ஒரு கிராமத்துக்கு ஒரே கோயில் போதும் என்பது அதன் சாரம். பாழடைந்த சிறு கோயில்கள் பல இருப்பதைவிட, நல்ல நிலையில் ஒன்று இருப்பது தெய்வத்துக்கும் கௌரவம், ராஜ்யத்துக்கும் கௌரவம் என்றார்கள். நிலைத்து நிற்க விரும்பும் கோயில் குறிப்பிட்ட மூலதனம் காட்ட வேண்டும் என்றும் விதித்தார்கள். காட்ட இயலாத கோயிலின் தெய்வத்தை அடுத்த ஊர்க் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தத் திட்டத்தில் ஒரு சூது இருந்தது. கிராமம் என்று சர்க்கார் சொன்னது உண்மையான கிராமத்தை அன்று. 1889-இல் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களை ஒன்றோடொன்று சேர்த்துச் சுமார் 16,000 ஆகக் குறைத்திருந்தார்கள். ஆகையால் காகிதத்தில் ஒரு கிராமம் என்பது நிலத்தில் நாலைந்து ஊர். ஒவ்வோர் ஊருக்கும் தனித் தெய்வம், தனித் தோப்பு, தனித் திருவிழா. அவற்றில் ஒன்றுதான் மிஞ்சலாம்.

தெய்வம் இடம் பெயர்ந்தபின் தோப்பு வெறும் மரக்கட்டையாகி விட்டது. அதை விற்றார்கள். நூற்றாண்டுகள் நின்ற மரங்கள் வியாபாரிகளின் கைக்குப் போயின. சுமார் பத்து ஆண்டுகளுக்குள் தேசமெங்கும் 70,000 கோயில்கள் வரையில் மறைந்தன. உத்தரவை அமல் நடத்துவது அந்தந்த மாகாணத்து அதிகாரியின் கையில் இருந்ததால், சில இடங்களில் மெதுவாகவும் சில இடங்களில் வேகமாகவும் நடந்தது. ஈஸே மகா க்ஷேத்திரம் அமைந்துள்ள மீயே மாகாணத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு கோயில்கள் போயின. அதற்கு அடுத்த மாகாணமாகிய வக்காயாமாவும் அதற்கு இளைக்கவில்லை.

மரத்தின் பெயர் பூண்டவர்

குமகுசு 1867-இல் வக்காயாமா நகரில் பிறந்தார். குமா என்றால் கரடி. குசு என்றால் கர்ப்பூர மரம். அந்தப் பிரதேசத்தில் புஜிஷிரோ கோயிலில் ஒரு பெரிய கர்ப்பூர மரம் உண்டு. அம்மரத்தைக் குழந்தைகளைக் காக்கும் தெய்வமாக ஜனங்கள் கொண்டாடினார்கள். பிறந்த குழந்தைகளுக்கு அந்தக் கோயிலில் பெயரெழுத்துப் பெறுவது வழக்கம். நோஞ்சானாக இருந்த இந்தக் குழந்தைக்குக் கரடி, கர்ப்பூர மரம் என்ற இரண்டு பெயரும் சேர்ந்து கிடைத்தன. பெரியவரான பிறகும், கர்ப்பூர மரத்தைக் கண்டால் தம் உள்ளத்தில் சொல்லொணாத ஓர் உணர்ச்சி எழுகிறது என்று அவர் எழுதியிருக்கிறார்.

சிறு வயதில் நூற்றைந்து பாகங்கள் கொண்ட ஒரு பழைய கலைக்களஞ்சியத்தைக் கையாலேயே பிரதி செய்தவர் அவர். பரீட்சைப் படிப்பு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1886-இன் இறுதியில் கப்பலேறி அமெரிக்கா சென்றார். கியூபாத் தீவிலும் சுற்றினார். 1892-இல் லண்டன் சேர்ந்தார். அங்கே பிரிட்டிஷ் மியூசியத்தின் புத்தகசாலையில் உட்கார்ந்து ஐம்பத்திரண்டு நோட்டுப் புத்தகங்கள் நிறையக் குறிப்பெழுதினார். ‘நேச்சர்’ என்ற பிரசித்தி பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் அவருடைய கட்டுரைகளும் குறிப்புகளுமாக ஐம்பதுக்கு மேல் வெளிவந்திருக்கின்றன. சீனத்தின் சுதந்திர வீரர் ஸன் யாட்-சென் லண்டனில் அவருக்கு நண்பரானார். கோபம் மட்டும் அவருடைய பரம விரோதி. மியூசியத்திலேயே சண்டையிட்டு அங்கிருந்து விலக்கப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் வெளிநாட்டில் கழித்து, கையில் பட்டமும் பணமும் இல்லாமல், 1900-இல் ஊர் திரும்பினார்.

அதன் பிறகு அவர் நாடியது நாச்சி அருவிக் காடுகளை. சளிப்பூசணம் என்று ஒரு விசித்திர ஜீவன் உண்டு. மட்கிய மரத்தில் கூழ்போலப் படர்ந்து ஊர்ந்து செல்லும். பிறகு ஒரு நாள் அசைவற்று நின்று, குண்டூசித் தலை போன்ற நுண்ணிய காய்களை எழுப்பிப் பொடியாக உதிரும். மிருகமா, தாவரமா என்று அந்நாள் அறிஞர் மயங்கிய பொருள் அது. அதைத் தேடுவதுதான் குமகுசுவின் வாழ்க்கைப் பணி. தம் வீட்டுத் தோட்டத்தில் அவர் கண்டெடுத்த ஒரு சளிப்பூசணத்துக்கு, 1921-இல் ஆங்கில மாது குலியல்மா லிஸ்டர் அவருடைய குடும்பப் பெயரையே இட்டார்.

1904-இல் தனாபேயில் குடியேறினார். 1906-இல், கோயில்களைச் சேர்க்கும் திட்டம் தொடங்கிய அதே வருஷத்தில், அவ்வூர்த் தோகெய் கோயில் அர்ச்சகரின் மகளை மணந்தார். சளிப்பூசணம் வளர்வது முதிர்ந்த காட்டின் நிழலிலே. தனாபேயைச் சுற்றி அத்தகைய காடு மிஞ்சியிருந்தது கோயில்களைச் சுற்றி. அவர் பொறுக்கிச் சோதித்து வந்த இடங்கள் ஒவ்வொன்றாக மொட்டையடிக்கப்படுவதைக் கண்டார். அன்றிலிருந்து ஆராய்ச்சியாளர் போராட்டக்காரர் ஆனார்.

எட்டு வாதங்கள்

உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். அதிகாரிகளுக்கு எழுதினார். 1910-இல் வக்காயாமாவைச் சேர்ந்த பார்லிமெண்டு அங்கத்தினர் நாகமுரா கெய்ஜிரோ சபையிலே இந்த விஷயத்தைக் கிளப்பினார். அதே ஆண்டில்தான், முதலில் சொன்ன பள்ளிக்கூடச் சம்பவமும் சிறைவாசமும். சிறைக்குள்ளும் ஒரு சளிப்பூசணத்தைக் கண்டு அவர் மகிழ்ந்து போனார் என்று சொல்வதுண்டு.

1911-இல் தாவர சாஸ்திரி மாத்சுமுரா ஜின்சோவுக்கு அவர் எழுதிய இரண்டு நீண்ட கடிதங்களை யானகிதா குனியோ அச்சிட்டுப் பிரமுகர்களிடையே பரப்பினார். ஜப்பானில் நாட்டார் வழக்காற்று ஆராய்ச்சிக்கு மூலபுருஷராக விளங்கிய யானகிதா, அப்போது சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். அந்த ஆண்டில் எழுதிய கடிதங்களிலேயே, உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறையை ஆராயும் ‘இகாலஜி’ என்ற புதிய சாஸ்திரத்தின் பெயரைக் குமகுசு எடுத்துக் கையாளுகிறார். அப்பெயர் உலகத்துப் பொது ஜனங்களின் காதில் விழுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு அது.

1912-இல் அவர் தமது வாதங்களை எட்டாகத் தொகுத்து வெளியிட்டார். கோயில்களைச் சேர்ப்பதால் தெய்வபக்தி குறைகிறது, ஜனங்களின் ஒற்றுமை கெடுகிறது, ஊர்கள் க்ஷீணிக்கின்றன, எளியவர்களின் ஆறுதல் பறிபோய் நல்லொழுக்கம் தளர்கிறது, தேசபக்தி குன்றுகிறது, நிலத்தின் பாதுகாப்புக்கும் பயனுக்கும் கேடு வருகிறது, சரித்திரச் சின்னங்களும் பழங்கதைகளும் அழிகின்றன, இயற்கையழகும் அரிய ஜீவராசிகளும் மாள்கின்றன. இவையே அந்த எட்டு.

இவற்றை அவர் வெறும் ஆவேசமாகச் சொல்லவில்லை. கண்ணாற் கண்டவற்றைக் கொண்டு விளக்கினார். தோப்பை வெட்டினால் பறவைகள் போய்விடும். பறவை போனால் பூச்சி பெருகும். பூச்சி பெருகினால் குடியானவன் பயிர் பாழாகும். அதன் பிறகு அவன் பூச்சியைக் கொல்லப் பணம் செலவழிக்க வேண்டும். கடலோரத்துக் கோயிற்காட்டின் நிழல் நீரில் விழும் இடத்தில் மீன் வந்து ஒதுங்கும். காட்டை வெட்டினால் வலைஞர் வாயில் மண். மலைநாட்டில் தன் ஊர்த் தெய்வத்தைக் கும்பிட இனி பல மைல் ஏறி இறங்க வேண்டும் என்றால், கிழவனும் பிள்ளைபெற்றவளும் எப்படிப் போவார்கள்? போவதை நிறுத்தி விடுவார்கள். பக்தியை வளர்க்கப் போட்ட உத்தரவு பக்தியை ஒழித்துவிடும்.

ஐந்தாவது வாதந்தான் இதில் நாம் நின்று யோசிக்க வேண்டியது. தேசபக்தியின் பெயரால் வந்த திட்டத்தைத் தேசபக்தியின் பெயராலேயே அவர் எதிர்த்தார். அவர் ராஜத்துரோகி அல்லர். சக்கரவர்த்தியிடம் மிகுந்த விசுவாசம் உள்ளவர். ஆனால் மனிதனுக்கு முதலில் பிறப்பது தன் ஊர்மேல் உள்ள பற்று என்பது அவர் துணிபு. தான் விளையாடிய மரத்தடி, தன் தாய் வேண்டிக்கொண்ட தெய்வம், தன் பாட்டன் தூக்கிய திருவிழாப் பல்லக்கு, இவற்றின் மீதுள்ள பாசம் விரிந்துதான் நாட்டுப்பற்றாகிறது. வேரை வெட்டிவிட்டுக் கிளையில் பூவைத் தேடுவார் உண்டோ?

தப்பியவையும் தப்பாதவையும்

சில இடங்களில் அவர் வென்றார். பல இடங்களில் தோற்றார். குமானோ யாத்திரைப் பாதையில் நோநாகா என்ற ஊர்க் கோயிலில் பெரிய சுகி மரங்கள் கூட்டமாக நின்றன. அவற்றின் கிளைகளெல்லாம் நாச்சி இருக்கும் தென் திசையையே நோக்கி நீண்டிருக்கும். அவற்றைக் காக்கக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். பெரும்பாலானவை விழுந்தன; ஒன்பது மட்டும் தப்பின. தனாபே விரிகுடாவில் உள்ள காஷிமா என்ற சிறு தீவின் காடு தப்பிற்று. 1920-இல் பிரபுக்கள் சபை, கோயில்களைச் சேர்ப்பதால் பயனில்லை என்று தீர்மானித்தது. அதற்குள் போக வேண்டியவை பெரும்பாலும் போய்விட்டன.

1929 ஜூன் 1-ந் தேதி ஓர் அற்புதம் நடந்தது. ஹிரோஹித்தோ சக்கரவர்த்தி தாமே கடல்வாழ் ஜீவராசிகளை ஆராய்ந்தவர். சளிப்பூசணத்திலும் ஈடுபாடு உள்ளவர். அவர் காஷிமாத் தீவுக்கு வந்து இறங்கினார். முன்பு காவலில் கிடந்த குமகுசு, ‘நாகாதோ’ என்ற யுத்தக் கப்பலில் சக்கரவர்த்தியின் முன் நின்று உபந்நியாசம் செய்தார். சளிப்பூசண மாதிரிகள் நூற்றுப்பத்தைக் காணிக்கையாகக் கொடுத்தார். ராஜ சந்நிதானத்துக்குரிய மரப்பேழையில் வைத்தா? இல்லை. கேரமல் மிட்டாய் வந்த காகிதப் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தார்! சக்கரவர்த்தி அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. குமகுசு இறந்து இருபது ஆண்டுகள் கடந்த பின், 1962-இல், அதே கடற்கரைக்கு மீண்டும் வந்தவர், மழையில் தோன்றிய காஷிமாவைப் பார்த்து அவர் பெயரையே வைத்து ஒரு பாட்டு இயற்றினார்.

வெட்டும் கையும் நடும் கையும்

இதுகாறும் சொன்னதிலிருந்து, மதம் காட்டைக் காத்தது, சர்க்கார் காட்டை அழித்தது என்று யாரும் சுலபமாக முடிவு கட்டிவிட வேண்டாம். உண்மை அவ்வளவு எளிதன்று.

ஜப்பானின் கோயில்களில் தலையாயது ஈஸே. அதை இருபது ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி, தெய்வத்தை எழுந்தருளச் செய்கிறார்கள். முதல் முறை நடந்தது 690-இல். இடையே யுத்தக் குழப்பங்களால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் நின்று போனதும் உண்டு. 62-ஆவது முறை 2013-இல் நடந்தது, அடுத்தது 2033-இல். ஒவ்வொரு முறைக்கும் சுமார் 10,000 ஹினோகி மரங்கள் வேண்டும். பழைய தூண்களை எறிவதில்லை. வாயில்களாகவும் வேறு கோயில்களுக்கு மரமாகவும் பயன்படுத்துகிறார்கள். ஆயினும், யாத்திரிகர் கூட்டத்துக்கு விறகு வெட்டியே ஈஸேயின் மலை ஒரு காலத்தில் மொட்டையாயிற்று. கட்டட மரம் தொலைவிலுள்ள கிஸோ மலையிலிருந்து வரலாயிற்று. 1918-இல் கோயிலையொட்டி ஓடும் இசுசு நதி பெருவெள்ளம் கண்டது. அதன் பிறகே கண் திறந்தார்கள். 1923-இல், இருநூறு ஆண்டில் தம் காட்டு மரத்தாலேயே தம் கோயிலைக் கட்டுவது என்று திட்டம் வகுத்து நடத் தொடங்கினார்கள். நட்டவர் எவரும் அந்த மரம் தூணாவதைப் பார்த்ததில்லை. ஆனால் 2013-இல் தேவைப்பட்ட மரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் காடே கொடுத்தது.

அழித்த கை நட்ட கதையும் உண்டு. மெய்ஜி சக்கரவர்த்தி 1912-இல் காலமானார். அவருக்குத் டோக்கியோவில் கோயில் எடுக்கும் பொறுப்பை ஏற்றது, கிராமத் தோப்புகளுக்குக் காலனாக வந்த அதே உள்நாட்டு இலாகா! தேசமெங்கிலுமிருந்து ஜனங்கள் காணிக்கையாக அனுப்பிய மரங்கள் சுமார் 1,00,000. வந்து உழைத்த வாலிபர்கள் சுமார் 1,10,000 பேர். ஏறக்குறைய 70 ஹெக்டேர் நிலத்தில் காடு எழுந்தது. பிரதம மந்திரி ஒகுமா ஷிகெநொபு, கம்பீரமான சுகி மரங்களையே நட வேண்டும் என்றார். ஹோண்டா செய்ரோகு முதலிய வன சாஸ்திரிகள் இணங்கவில்லை. அந்த மண்ணிலும் நகரத்துப் புகையிலும் சுகி செழிக்காது. ஓக்கு இனங்களும் கர்ப்பூர மரமுமே நிலைக்கும். அவை விதை விழுந்து தாமே முளைத்து, நூற்றைம்பது ஆண்டில் மனிதன் கை வேண்டாத காடாகிவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். மந்திரி விட்டுக்கொடுத்தார். 1920-இல் கோயில் பிரதிஷ்டையாயிற்று. பாதையில் விழும் இலைகளை இன்றும் குப்பைக்கு அனுப்புவதில்லை. பெருக்கி மரத்தடியிலேயே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.

1945-இல் குண்டு வீச்சில் கோயிலின் பிரதான கட்டடங்கள் எரிந்தன. காடு பிழைத்தது.

கட்டடத்தோடு எரிந்தது வேறொன்றும் உண்டு. குமகுசு அஞ்சியபடியே, ஊர்த் தெய்வத்திடமிருந்து பிடுங்கிய பக்தியை ராஜ்யம் தன் யுத்தங்களுக்குப் பயன்படுத்திற்று. கொரியா தேசத்து மக்களைக்கூட ஷிண்டோ கோயில்முன் தலை வணங்கும்படி கட்டாயப்படுத்திற்று. 1945 டிசம்பர் 15-ந் தேதி, வெற்றி பெற்ற நேச தேசத்தாரின் உத்தரவினால் சர்க்காருக்கும் ஷிண்டோவுக்கும் இருந்த பிணைப்பு அறுபட்டது. உத்தரவால் ஏறிய கௌரவம் உத்தரவாலேயே இறங்கிற்று. ஊர்த் திருவிழா மட்டும் யார் உத்தரவும் இன்றி நடந்துகொண்டிருக்கிறது. இன்றும் ஜப்பானில் சுமார் 80,000 கோயில்கள் இருக்கின்றன.

போராட்டம் முடிந்துவிட்டது என்பதற்கில்லை. மெய்ஜி கோயிலின் வெளித் தோட்டத்தில் மைதானங்களையும் உயர்ந்த மாளிகைகளையும் கட்டும் திட்டத்துக்கு 2023-இல் டோக்கியோ நிர்வாகம் அனுமதி அளித்தது. பிரபல சங்கீத வித்துவான் சகாமோதோ ரியுஇச்சி, மரணப் படுக்கையில் இருந்துகொண்டு, மரங்களை வெட்ட வேண்டாம் என்று நகரத் தலைவிக்குக் கடிதம் எழுதிவிட்டு அந்த மார்ச்சு மாதமே கண் மூடினார். 2024 அக்டோபரில் மரங்கள் விழத் தொடங்கின.

தோப்பின் விதை

கடைசியாக ஒரு விஷயம். மியாவாக்கி அகிரா (1928–2021) என்ற தாவர சாஸ்திரி, மனிதன் கை வைக்காவிட்டால் ஜப்பானிய மண்ணில் இயல்பாக எந்தக் காடு வளரும் என்று ஆராய்ந்தார். எங்கே தேடினாலும் நட்ட மரமே காணப்பட்டது. விடை கிடைத்தது ஊர்க் கோயில்களின் காவல் தெய்வக் காட்டில். அங்கே மிஞ்சிய மரங்களின் விதையை எடுத்து, பல இனங்களையும் நெருக்கமாகக் கலந்து நட்டு, சில பத்தாண்டுகளில் அடர்ந்த காட்டை எழுப்பும் முறையைக் கண்டார். சென்னை மாநகராட்சி 2020 முதல் நகரத்தின் காலி மனைகளில் எழுப்பிவரும் ‘மியாவாக்கி காடுகள்’ அவர் பெயரைத் தாங்கியவையே. அந்தந்த மண்ணுக்குரிய மரத்தையே நட வேண்டும் என்பது அவர் முறையின் முதல் விதி. கோயிலைச் சேர்த்த அதிகாரிகள் எண்ணியது போல எல்லாத் தோப்பும் வெட்டுண்டிருந்தால், அந்தப் பாடத்தை அவர் எங்கே கற்றிருப்பார்?

குமகுசு 1941 டிசம்பர் 29-ந் தேதி தனாபேயில் காலமானார். யுத்தம் மூண்டிருந்த மாதம் அது. கடைசி நாளில், கூரையெங்கும் ஊதா நிறப் பூக்கள் மலர்ந்திருப்பதாகவும், வைத்தியரை அழைத்தால் அவை மறைந்துவிடும், ஆகையால் அழைக்க வேண்டாம் என்றும் அவர் சொன்னதாகக் கூறுவார்கள். அவர் வீட்டு முற்றத்தில் வேம்பின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் நின்றது. அதன் பூ ஊதா நிறமுடையது.

அவர் காப்பாற்றிய மரங்கள் நிற்கும் குமானோ யாத்திரைப் பாதைகள் 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டன. அவருடைய மாமனார் அர்ச்சகராக இருந்த தோகெய் கோயிலும் 2016-இல் அதில் சேர்ந்தது. யாத்திரிகர்கள் இன்று நோநாகாவின் படிகளில் ஏறி, ஒன்பது சுகி மரங்களின் கீழே சற்று நேரம் நிற்கிறார்கள். கிளைகள் இன்னும் நாச்சியின் பக்கமே நீண்டிருக்கின்றன.